விறகுத் தொழிலுக்குப் பணம் போடுவது: பெரிய பிளக்கும் இயந்திரமா, வேறு ஏதாவதா?

புதுவாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் இரண்டு ஆண்டுகளாக விறகு வெட்டி விற்கிறோம். காற்றில் விழுந்த மரம், வீட்டுக்காரர்கள் அகற்றச் சொல்லும் மரம், அறுவை ஆலை ஒதுக்கும் முண்டுகள், இவைதான் எங்கள் சரக்கு. கையில் இருப்பவை 45 சிசி செயின்சா ஒன்று, மூன்று கிலோ கோடாரி ஒன்று, நாலைந்து இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு சிறிய டிரெய்லர். இந்த ஆண்டு வாடிக்கை கூடிவிட்டது. பிளக்காத முண்டுகள் முற்றம் முழுக்கக் கிடக்கின்றன.

கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கட்டையைப் பிளக்கும் இயந்திரம் வாங்குவது என்று முடிவு. தள்ளும் வலு 10 டன் முதல் 35 டன் வரை என்று விளம்பரம் வருகிறது. வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடலாம் என்பது தம்பியின் கட்சி. எந்தக் கட்டையும் அதன் முன் நிற்காது அல்லவா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். சேர்த்த பணம் மொத்தமும் இதில் போகப் போகிறது, அதனால் தவறு செய்ய இடமில்லை.

பழைய கோடாரி எழுதியது:

டன் இருக்கட்டும் தம்பி. ஒரு நாள் வேலையில் பிளப்பதற்கு மட்டும் எவ்வளவு நேரம் போகிறது? கடிகாரம் வைத்துப் பார்த்ததுண்டா?

புதுவாள் எழுதியது:

இல்லை ஐயா. ஆனால் இடுப்பை ஒடிப்பது அதுதான். மாலையில் நிமிர முடிவதில்லை.

பழைய கோடாரி எழுதியது:

இடுப்பை ஒடிக்கும் வேலையும் நேரத்தை விழுங்கும் வேலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சட்டைப் பையில் பென்சிலும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கத் தொடங்கியது எப்போது, நிறுத்தியது எப்போது, பிளந்தது எவ்வளவு நேரம், சும்மா தூக்கிக்கொண்டு நடந்தது எவ்வளவு நேரம், எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எதை வாங்குவது என்று பேசலாம். நான் இதைச் செய்யாமல் வாங்கி மூன்று ஆண்டு நட்டப்பட்டவன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எண்ணெய்க் கை எழுதியது:

ஐயா சொன்னதைச் செய்யுங்கள். அதற்கிடையில் டன் கணக்கை நான் விளக்கிவிடுகிறேன். ஹைட்ராலிக் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தேவைக்கு மேற்பட்ட இயந்திரத்தை வாங்கிவிட்டு, மெதுவாக ஓடுகிறது, பழுதாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்.

எண்ணெயின் அழுத்தத்தை சிலிண்டரின் உள்பரப்பால் பெருக்கினால் வருவதுதான் டன். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ. அழுத்தம் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்றால் ஏறத்தாழ 16 டன் தள்ளும். 125 மி.மீ. சிலிண்டரின் பரப்பு 122.7 சதுர செ.மீ. அதே அழுத்தத்தில் 25 டன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது எண்ணெயின் பக்கம் வாருங்கள். கட்டையைப் பிளக்க சிலிண்டரின் தண்டு 60 செ.மீ. தூரம் வெளியே வர வேண்டும். சிறிய சிலிண்டருக்கு அதற்கு 4.7 லிட்டர் எண்ணெய் வேண்டும், பெரியதற்கு 7.4 லிட்டர். பம்பு நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளுகிறது, அதாவது நொடிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது தண்டின் கனம் இடத்தை அடைத்துக்கொள்வதால் கொஞ்சம் குறைவான எண்ணெய் போதும். தண்டு 50 மி.மீ. என்றால், 16 டன் இயந்திரம் போய் வர எட்டு நொடி. 25 டன் இயந்திரத்துக்குப் பதின்மூன்றரை நொடி. எஞ்சினும் பம்பும் அதேதான். சிலிண்டரை மட்டும் பெருக்கினால் வலு கூடும், வேகம் போய்விடும். ஒரு நாளைக்கு 800 முறை தண்டு போய் வந்தால், அந்த வித்தியாசம் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல். நீங்கள் கட்டையைப் பிடித்தபடி சும்மா நிற்கும் நேரம் அது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல இயந்திரங்களில் இரு நிலைப் பம்பு இருக்கும். எதிர்ப்பு இல்லாதவரை இரண்டு ஜோடிப் பல்சக்கரங்களும் சேர்ந்து எண்ணெயைத் தள்ளும், தண்டு வேகமாக ஓடும். கட்டை முரண்டு பிடித்ததும் பெரிய ஜோடி ஒதுங்கிக்கொள்ளும், சிறியது மட்டும் முழு அழுத்தத்தில் தள்ளும். நேர்நார் உள்ள கட்டை பெரும்பாலும் முதல் நிலையிலேயே 'சடார்' என்று பிளந்துவிடும். கணு குறுக்கிட்டதும் எஞ்சின் சத்தம் கனக்கும், தண்டு ஊரும். பலரும் இதைக் கோளாறு என்று நினைத்து, அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் தடுக்கிதழைத் திருகி ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிலிண்டரும் குழாயும் எந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டனவோ அதற்குமேல் போனால் வெடிப்பது அவைதான்.

விளம்பரத்தில் எழுதிய டன்னை அப்படியே நம்ப வேண்டாம். சிலிண்டரின் உள்விட்டத்தையும் இயங்கும் அழுத்தத்தையும் கேட்டு வாங்கி நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த இரண்டையும் சொல்லத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள்.

வட்டரம்பம் எழுதியது:

ஹைட்ராலிக்கே எதற்கு? சுழல்சக்கர இயந்திரம் பாருங்கள். கனமான இரும்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதில் சேரும் விசையைப் பற்சட்டம் வழியாகக் கட்டையில் இறக்கும் வகை அது. போய் வர இரண்டு மூன்று நொடிதான். நான் நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். எண்ணெயும் இல்லை, குழாயும் இல்லை.

எண்ணெய்க் கை எழுதியது:

நேர்நார் மரம் மட்டும் வருகிறவருக்கு அது அருமையான இயந்திரம், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுக்கு வருவது வீட்டு மரமும் ஆலை ஒதுக்கியதும். கிளை பிரிந்த முண்டும் முறுக்கு நாரும்தான் அதிகம் இருக்கும். சுழல்சக்கரம் ஓர் அடி அடிக்கும், பிளக்கவில்லை என்றால் பின்வாங்கி மறுபடி அடிக்க வேண்டும். ஹைட்ராலிக் விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். அதோடு, இரண்டு நொடியில் ஓடுகிற தண்டிலிருந்து கையை எடுக்க உங்களுக்கும் இரண்டு நொடிதான் கிடைக்கும்.

திருகுக் கூம்பு வகை ஒன்றும் விற்கிறார்கள், சுழலும் கூம்பு கட்டைக்குள் திருகிக்கொண்டு போய்ப் பிளப்பது. கட்டை சிக்கினால் கட்டையே சுழன்று ஆளை அடிக்கும். கையுறை மாட்டினால் கை போகும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆப்பு எழுதியது:

கை என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

என் இடக்கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. நான் கட்டையை வைத்தேன், உறவுக்காரப் பையன் நெம்புகோலைத் தள்ளினான். காலை முழுவதும் அப்படித்தான் செய்தோம், தாளம் பிடித்துவிட்டது. ஒரு கட்டை சரிந்தது. நேராக்கக் கையை நீட்டினேன். அவனுக்கு அது வழக்கமான இடைவெளிதான், தள்ளிவிட்டான். அவன் மேல் இன்றுவரை எனக்குக் கோபம் இல்லை. அவன் அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தைத் தொடவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டையை வைப்பவர்தான் நெம்புகோலையும் இயக்க வேண்டும். இன்னொருவர் எட்டத்தில் நின்று அடுக்கட்டும். இரண்டு கையும் இரண்டு நெம்புகோலில் இருந்தால்தான் தண்டு நகரும் என்ற அமைப்புள்ள இயந்திரங்கள் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றைக் கயிற்றால் கட்டிவைத்து வேகமாக வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டியவர் கையிலிருந்து பிடுங்கி அவிழ்த்தும் இருக்கிறேன்.

எண்ணெய்க் கை எழுதியது:

அண்ணா, எழுதியதற்கு நன்றி. இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை வழியாக 200 பாரில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் அன்றே, அந்த மணி நேரமே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். 'ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கசிவைப் பார்ப்பதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். அட்டையில் ஈரப்புள்ளி விழுந்தால் எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டுக் குழாயை மாற்றுங்கள்.

புதுவாள் எழுதியது:

படித்துவிட்டு நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். நாங்களும் அந்த முறையில்தான் வேலை செய்யத் திட்டமிட்டிருந்தோம், ஒருவன் வைக்க, ஒருவன் தள்ள. இனி இல்லை.

பழைய கோடாரி ஐயா சொன்ன தாள் இதோ. நேற்று ஏழு மணி நேரம் வேலை:

அறுத்தது 1 மணி 40 நிமிடம். சங்கிலி தீட்டியது, இழுவை சரிசெய்தது, எரிபொருள் ஊற்றியது 25 நிமிடம். பிளந்தது 1 மணி 30 நிமிடம். மீதி 3 மணி 25 நிமிடமும் தூக்கியது, உருட்டியது, குனிந்து பொறுக்கியது, டிரெய்லரில் எறிந்தது, இறக்கியது, அடுக்கியது.

எனக்கே நம்ப முடியவில்லை. தம்பியிடம் இரண்டு முறை கூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

பழைய கோடாரி எழுதியது:

இதற்குத்தான் தாளும் பென்சிலும். பிளக்கும் நேரம் அடியோடு மறைந்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். தூக்கிச் சுமக்கும் நேரத்தைப் பாதியாக்கினாலே அதைவிடக் கூடுதல் மிஞ்சும்.

இன்னொரு தாள் எடுங்கள். ஒரு கட்டையை எத்தனை முறை கையால் தூக்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். மரம் அறுந்த இடத்தில் பொறுக்கி டிரெய்லரில் போட்டது ஒன்று. முற்றத்தில் இறக்கியது இரண்டு. பிளக்கும் அடிக்கட்டைக்கு மேல் வைத்தது மூன்று. பிளந்து சிதறியதைப் பொறுக்கிக் குவித்தது நான்கு. அடுக்கியது ஐந்து. உலர்ந்ததும் எடுத்து வண்டியில் போட்டது ஆறு. வாடிக்கையாளர் வீட்டில் இறக்கியது ஏழு. இந்த ஏழை நான்காக்க என்ன வேண்டுமோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய இயந்திரம். அது இயந்திரமாகவே இல்லாமலும் இருக்கலாம்.

என் கதையைச் சொல்கிறேன். மரத்தைத் தானே இழுத்து, அறுத்து, பிளந்து, கன்வேயரில் ஏற்றும் பிராசசர் ஒன்றைக் கடனில் வாங்கினேன். இயந்திரத்தில் பழுது சொல்ல முடியாது. ஆனால் அதற்கு நேரான, ஒரே பருமனுள்ள மரம் வேண்டும். மேடையில் முழு மரத்தை ஏற்ற லோடர் வேண்டும். பிளந்து கொட்டுவதை உடனுக்குடன் அகற்ற ஆள் வேண்டும். எனக்கு வந்தது கோணல் மரமும் கொத்து மரமும். ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் மரத்துக்குக் காத்திருந்தது. மூன்று ஆண்டுகளில் விற்றுவிட்டேன். அதற்குத் தீனி போட வழி இருப்பவர் அதை வைத்துக் கொழிக்கலாம். எனக்கு அந்த வழி இல்லை, வாங்குவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வட்டரம்பம் எழுதியது:

> பிளக்கும் நேரம் அடியோடு மறைந்தாலும் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்

ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. கோடாரியால் ஒன்றரை மணி நேரம் பிளந்த உடம்பு அடுத்த மூன்று மணி நேரம் எப்படி நடக்கும்? தூக்குவது மெதுவாக நடப்பதற்கே பிளந்த களைப்புதான் காரணமாக இருக்கலாம். தாளில் அது தெரியாது. அதோடு, கையால் பிளக்க முடியாமல் ஒதுக்கிய முண்டுகள் அந்தக் கணக்கில் வரவே இல்லை, முற்றத்தில் கிடக்கின்றன என்று அவரே முதலில் எழுதியிருக்கிறார்.

பழைய கோடாரி எழுதியது:

நியாயமான பேச்சு. இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொத்தப் பணத்தையும் டன்னில் போடாதீர்கள் என்கிறேன். இடுப்புயர மேசையும் கட்டையைத் தூக்கிவைக்கும் கையும் உள்ள 16 டன் இயந்திரம், அவை இல்லாத 30 டன்னைவிட இவர்களுக்கு உதவும்.

அடுக்குக்காரி எழுதியது:

எங்கள் தொழிலில் அடுக்கு, உலர்த்தல், விற்பனை மூன்றும் என் பொறுப்பு. தூக்கும் கணக்கைக் குறைக்க எங்களுக்கு உதவியது கூண்டு. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கும் இல்லையா, தொட்டி வீணானதும் கூண்டு மலிவாகக் கிடைக்கும். ஒரு பக்கத்தின் மேல்பாதியை அறுத்துத் திறந்துகொள்வோம். பிளக்கும் இயந்திரத்தின் வாயருகே கூண்டை வைத்தால் பிளந்தது நேரே கூண்டுக்குள் போகும். அதிலேயே உலரும். உலர்ந்ததும் கூண்டோடு தூக்கி வண்டியில் ஏற்றுவோம். பொறுக்கிக் குவிப்பது, அடுக்குவது, எடுத்துப் போடுவது என்ற மூன்று வேலையும் போயின.

இரண்டு எச்சரிக்கை. அந்தத் தொட்டியில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிக்கொல்லி, அமிலம் இருந்த கூண்டு வேண்டாம். மற்றது எடை: பச்சை விறகை எறிந்து நிரப்பினாலே ஒரு கூண்டு அரை டன் அளவுக்கு வரும், அடுக்கி நிரப்பினால் இன்னும் கூடும். கவைக்கம்பி மாட்டிய டிராக்டரோ ஃபோர்க்லிஃப்டோ இல்லாமல் கூண்டுக்குப் போகாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று வைப்பதானால் தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஒரு பக்கம் இறங்கி, மேல்கூண்டு சாய்ந்து நின்றதைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒன்றுக்கு மேல் வைக்க விடுவதில்லை.

புதுவாள் எழுதியது:

அக்கா, எங்களிடம் டிராக்டர் இல்லை. அண்டை வீட்டுக்காரரிடம் பழையது ஒன்று இருக்கிறது, அரைநாள் வாடகைக்குத் தருவார். ஈரத்தைப் பார்க்க எந்தக் கருவி வாங்கினீர்கள்? போன மாதம் ஒரு வாடிக்கையாளர் விறகு புகைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் தட்டிப் பார்த்துத்தான் கொடுத்தோம், ஓசை நன்றாகத்தான் இருந்தது.

அடுக்குக்காரி எழுதியது:

தட்டிப் பார்ப்பது தவறில்லை தம்பி, ஆனால் வெளிப்புறம் உலர்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் கட்டையும் கணீர் என்று ஒலிக்கும். இரண்டு ஊசி உள்ள சாதாரண ஈரமானி போதும். அதை எப்படிக் குத்துகிறோம் என்பதுதான் முக்கியம். கட்டையின் பட்டைமேலோ நுனியிலோ குத்தினால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். ஒரு கட்டையை எடுத்து அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் இரண்டு ஊசியும் இருக்கும்படி அழுத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் விற்கலாம். ஒரு கட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேல், நடு, அடி என்று ஐந்தாறு எடுங்கள்.

சதவீதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. இதனால் எனக்கும் ஒரு பெரிய வாடிக்கையாளருக்கும் சண்டையே வந்திருக்கிறது. ஆயிரம் கிராம் கட்டையை 103 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை காயவைத்தால் 600 கிராம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன நீர் 400 கிராம். அதை ஈரக்கட்டையின் எடையால் வகுத்தால் 40 சதவீதம், காய்ந்த கட்டையின் எடையால் வகுத்தால் ஏறத்தாழ 67 சதவீதம். இரண்டுமே சரிதான், கட்டையும் ஒன்றுதான். ஊசி ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கைக் காட்டும். எரிபொருளாக விறகு வாங்கும் ஆலைகள் முதல் கணக்கில் பேசும். எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

புகைந்ததற்குக் காரணமும் நீர்தான். முழுக்கக் காய்ந்த மரத்தின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 19 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. எடையில் பாதி நீராக இருக்கும் பச்சைக் கட்டையின் ஒரு கிலோவில் கைக்கு வருவது எட்டு மெகாஜூல் போலத்தான். மரம் பாதிதான் இருக்கிறது, அது தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. அடுப்பு சூடேறாமல் புகை தள்ளும், புகைபோக்கியில் கருந்தார் படியும். அவர் திருப்பி அனுப்பியது நியாயம்தான். உலர்ந்ததைக் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் உங்களை விடமாட்டார்.

விரைவாக உலர்த்த வேண்டுமானால் முதலில் நீளத்தைக் குறையுங்கள். நார் ஓடும் வழியில்தான் நீர் வேகமாக வெளியேறும், குறுக்கே மிக மெதுவாகத்தான் வரும். குட்டையாக அறுத்து, நன்றாகப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மேலே மட்டும் மூடுங்கள். நான்கு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, ஓடிப்போய்ப் பக்கத்தைத் தூக்கிவிட்டு வருவேன்.

ஆப்பு எழுதியது:

அக்கா சொன்ன நீளம் இயந்திரத்துக்கும் உதவும். 30 செ.மீ. கட்டைக்குத் தண்டு 60 செ.மீ. பின்வாங்கத் தேவையில்லை. பின்வாங்கும் தூரத்தைப் பாதியில் நிறுத்தும் வளையம் சில இயந்திரங்களில் உண்டு. நேரம் பாதி மிச்சம்.

பழைய கோடாரி எழுதியது:

புதுவாள் தம்பி, உங்கள் தாளில் எனக்குப் பிடிக்காத வரி அந்த 25 நிமிடம். எரிபொருள் ஊற்றியதும் இழுவை சரிசெய்ததும் போகத் தீட்டுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? 45 சிசி வாளில் ஒரு மணி நேரம் 40 நிமிடம் அறுத்திருக்கிறீர்கள். தூள் எப்படி விழுந்தது?

புதுவாள் எழுதியது:

மாவு போல. கால்மேல் படிந்து ஒட்டிக்கொண்டது. வாளைக் கொஞ்சம் அழுத்த வேண்டியும் இருந்தது.

பழைய கோடாரி எழுதியது:

நினைத்தேன். உங்கள் சங்கிலி மொட்டை. கூரான சங்கிலி செதில் செதிலாகத் தள்ளும், கையில் அள்ளினால் அரிசி உமியைவிடப் பெரிதாக இருக்கும். வாளின் எடையே அதை இறக்கிவிடும், நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். மாவு விழுந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். மொட்டைச் சங்கிலியோடு மல்லுக்கட்டினால் சங்கிலி ஓடும் வாள்பட்டை சூடேறும், எஞ்சின் தேயும், கை நடுங்கும், கடைசியில் வாள் எகிறும்.

சங்கிலியின் அளவு வாள்பட்டையின்மேலோ கையேட்டிலோ இருக்கும். .325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், பெரிய வாள்களில் வரும் 3/8 அங்குலச் சங்கிலிக்கு 5.5 மி.மீ., சிறிய வாள்களின் தாழ்ந்த 3/8 வகைக்கு 4 மி.மீ. அளவு மாறினால் பல்லின் வாய் கெட்டுவிடும். அரத்தைப் பல்லின் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். பெரும்பாலான சங்கிலிக்குக் கோணம் 30 டிகிரி. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள், மூன்று என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வாள் வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் உள்ள திமில் பல்லைவிட 0.65 மி.மீ. போலத் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு முறை தீட்டிய பிறகு அதையும் அளவுகோல் வைத்து இறக்குங்கள். இல்லையென்றால் பல் கூராக இருந்தும் மரத்தைக் கவ்வாது. அதிகம் இறக்கிவிட்டாலோ வாள் கையை உதறும்.

எனக்கு இந்தச் சங்கிலிமேல் தனிப் பிரியம். ஒவ்வொரு பல்லும் ஓர் உளி போல இடமும் வலமும் மாறி மாறி இருக்கிறதே, அதை அப்படி அமைத்தவர் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி. 1946 இல் அவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது அடிக்கட்டையில் விரல் பருமனுள்ள ஒரு வண்டின் புழு நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் ஒரே வேகத்தில் மரத்தைக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடைகள் பக்கத்துக்குப் பக்கம் வெட்டுவதைக் கவனித்து, அதையே இரும்பில் செய்தார். மறு ஆண்டே அந்தச் சங்கிலியைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார். இன்று நாம் தீட்டுவது அந்தப் புழுவின் தாடையைத்தான். தீட்டும்போது அதை நினைத்துக்கொள்வேன், கை தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.

ஆப்பு எழுதியது:

செயின்சாவுக்குக் காப்பு உடை இருக்கிறதா? தாள் கணக்கில் அதைச் சேர்த்தீர்களா?

புதுவாள் எழுதியது:

கண்ணாடியும் கையுறையும் இருக்கின்றன. கால்சட்டை இல்லை.

ஆப்பு எழுதியது:

அப்படியானால் பிளக்கும் இயந்திரத்துக்கு முன்னால் அது. முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. காப்புக் கால்சட்டைக்குள் நீளமான இழைகள் இருக்கும். சங்கிலி பட்டதும் அவை பிய்ந்து இழுபட்டு, பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். கால் தப்பும், கால்சட்டை போகும், போகட்டும். காதுக்கு மூடி, முகத்துக்கு வலை, இரும்பு முனை காலணி. இருவருக்கும் இரண்டு ஜோடி. வாள் நுனியின் மேல்பாதி எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எகிறுவது அங்கிருந்துதான்.

அண்டை வீட்டு டிராக்டரில் எதையாவது இணைத்து ஓட்டுவதானால் பி.டி.ஓ. தண்டின், அதாவது டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை இணைத்த கருவிக்குக் கொண்டுபோகும் தண்டின், உறை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. தோளில் கிடக்கும் துண்டு சிக்கினால் கத்தக்கூட நேரம் இருக்காது.

புதுவாள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முடிவு செய்ததை எழுதுவது மரியாதை.

முதலில் வாங்கியது இரண்டு காப்பு உடை. பிறகு மலிவானவை: கட்டையைக் குனியாமல் குத்தி இழுக்கும் கொக்கிக் கம்பு இரண்டு, முண்டைப் புரட்டும் நெம்புகோல் ஒன்று, சரியான அளவில் அரமும் திமில் அளவுகோலும், ஈரமானி. அறுப்பதற்கு இடுப்புயரத்தில் மரத்தால் ஒரு தாங்கி நாங்களே செய்தோம். கடைசியில்தான் பிளக்கும் இயந்திரம்: 100 மி.மீ. சிலிண்டர், இரு நிலைப் பம்பு, மேசை, தூக்கும் கை, இரு கை நெம்புகோல். தம்பிக்கு முதலில் முகம் வாடிவிட்டது. இரண்டாம் நாள், நாங்கள் ஓராண்டாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு முண்டு தூக்கும் கையில் ஏறி மேசைக்கு வந்து, எஞ்சின் முனகி, ஆப்பு மெதுவாக இறங்கி, நடுவில் 'கிரீச்' என்று விரிந்தபோது அவன்தான் முதலில் சிரித்தான். உள்ளே ரோஜா நிறத்தில் வைரம் பாய்ந்திருந்தது.

அதற்கும் மசியாத நான்கைந்து கணுக்கட்டைகள் இருக்கின்றன.

மிஞ்சிய பணத்தில் கூண்டு ஆறு. சனிக்கிழமை மட்டும் டிராக்டர் வாடகை. நேற்று மறுபடி தாள் எழுதினேன். ஏழு மணி நேரத்தில் தூக்கிச் சுமந்தது இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு.

வட்டரம்பம் எழுதியது:

மகிழ்ச்சி. அந்தக் கணுக்கட்டைகளோடு இயந்திரத்தை மல்லுக்கட்ட விடாதீர்கள். கட்டையைப் படுக்கவைத்து, வாள்பட்டை நாரோடு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் அறுத்துப் பாதியாக்குங்கள். சீவல் நீள நீளமாக நூல் போல வரும். அது வாளின் பக்க மூடிக்குள் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். பாதியானதும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

அடுக்குக்காரி எழுதியது:

தம்பி, கூண்டு ஒவ்வொன்றிலும் நிரப்பிய தேதியையும் மரத்தின் பெயரையும் தகடு ஒன்றில் எழுதிக் கட்டிவிடுங்கள். ஆறு கூண்டு இருக்கும்போது நினைவிருக்கும். இருபது ஆனதும் எது பச்சை, எது காய்ந்தது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் பிளந்து குத்த வேண்டிவரும்.

டிரெய்லரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பச்சை மரம் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட ஒரு டன். சிறிய டிரெய்லரின் தாங்கும் எடையைப் பார்த்து, எந்த உயரம் வரை ஏற்றலாம் என்று உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள், பச்சைக்கு ஒரு கோடு, காய்ந்ததற்கு ஒரு கோடு. இடம் இருக்கிறதே என்று மேலே மேலே எறிவதில்தான் அச்சு முறிகிறது.

புதுவாள் எழுதியது:

கோடு இன்றே போட்டுவிடுகிறேன் அக்கா. எண்ணெய்க் கை அண்ணா, ஒரே ஒரு கேள்வி. இயந்திரம் 12 மணி நேரம் ஓடியிருக்கிறது. எண்ணெயில் வெண்மையாக நுரை தெரிகிறது. நிறுத்திவைத்தால் காலையில் தெளிந்துவிடுகிறது.

எண்ணெய்க் கை எழுதியது:

காலையில் தெளிந்துவிடுவதால் அது காற்று. நீர் கலந்திருந்தால் பால் போலவே நின்றிருக்கும். தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் கவ்வியை இறுக்குங்கள், எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். தண்டு முழுவதும் உள்ளே இருக்கும்போது பார்க்க வேண்டும். நுரையோடு ஓட்டினால் பம்பு கரகரவென்று கத்தத் தொடங்கும், அது பல்சக்கரத்தை அரிக்கும் சத்தம்.

50 மணி நேரம் ஆனதும் முதல் வடிகட்டியை மாற்றுங்கள். புது இயந்திரத்தின் இரும்புப் பொடியெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். கழற்றியதைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு லேசாக இருந்தால் சரி. நகத்தில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள்.

புதுவாள் எழுதியது:

கவ்வி ஒரு முழுச் சுற்று இறுகியது. மதியம் இரண்டு மணி நேரம் ஓட்டினோம், நுரை இல்லை.